கொடியில் தொங்கிய தளபதி

தடால்! தடால்! தடால்!

வீட்டுக்குள் யாரோ கதவை உதைத்தார்கள். அழைப்பு மணியின் மேல் வைத்த விரலை ஒட்டடை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அடுத்த நொடி உள்ளே ஒரு குதிரை கனைத்தது.

"மேடம், விலாசம் சரிதானா? எழுத்தாளர் வீடுன்னு சொன்னீங்க. இது லாயம் மாதிரி இருக்கே."

"மணியை அடி," என்றார் மேடம்.

"அடிச்சாச்சு. குதிரைதான் பதில் சொல்லுது."

ஒட்டடைக்கு அந்தப் பெயர் வரக் காரணம் அவன் உடம்பு. ஆறடி இரண்டு அங்குல உயரத்துக்கு நாற்பத்தெட்டு கிலோ சதையை இழுத்துப் பிடித்துப் பூசியிருந்தார்கள். மேடம் அவனுக்கு நேர் எதிர். குள்ளம், கனம், தலை போகிற காரியத்துக்கும் அவசரப்படாத நடை. இருபத்திரண்டு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து, எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கடைகளையும் கவிழ்ந்துபோனதாகச் சொல்லப்பட்ட லாரிகளையும் நேரில் போய்ப் பார்த்து, முக்கால்வாசி எரியவும் இல்லை, கவிழவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தவர். வேலையை விட்டபின் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தார். துணைக்கு ஒட்டடை. சம்பளம் குறைச்சல். அதை ஈடுகட்ட வாய்க்குப் பூட்டுப் போடுவதில்லை என்று முதல் நாளே ஒப்பந்தம்.

கதவைத் திறந்தவர் வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டி விடுவார் என்பதால் எழுத்தாளர்கள் அவருக்குக் கத்தரி என்று பெயர் வைத்திருந்தார்கள். விஷயம் அவருக்கும் தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

"வாங்க மேடம், வாங்க. மணி மூணாச்சு. அஞ்சு மணிக்கு நான் கிளம்பியாகணும். அச்சகத்துல மெஷினை நிறுத்தி வெச்சிட்டு எல்லாரும் என் மூஞ்சியை எதிர்பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க. அவங்க வாழ்க்கையில வேற சுகம் இல்லை."

"என்ன தொலைஞ்சுது?"

"நூறாவது அத்தியாயம். கடைசி அத்தியாயம். இளவரசிக்கும் தளபதிக்கும் கல்யாணம். சார் காலையில எழுதி முடிச்சு மேசை மேல வெச்சுட்டுக் குளிக்கப் போயிருக்கார். வந்து பார்த்தா மேசை மட்டும்தான் இருக்கு."

"கிடைக்கலைன்னா?"

"நானே முடிச்சுடுவேன். எழுதியும் வெச்சுட்டேன்." கத்தரி சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் படித்தார். "'இளவரசி மலை உச்சிக்கு ஓடினாள். குதித்தாள். முற்றும்.'"

ஒட்டடைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அம்மா நூறு வாரமாக இந்தக் கல்யாணத்துக்காகக் காத்திருக்கிறாள். "ஏன் சார் குதிச்சா?"

"இடம் இல்லை தம்பி. காரணம் சொல்றதுக்கு இன்னும் ரெண்டு வரி ஆகும்."

தடால்! உள்ளே மறுபடியும் உதை. மறுபடியும் கனைப்பு.

"அது?" என்றார் மேடம்.

"அதுதான் திருடன். சாரோட மச்சான். காலையில ஒன்பதரைக்கு நான் வரும்போது பின்வாசல் வழியா ஒரு பிளாஸ்டிக் கவரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடினான். இந்தக் கண்ணால பார்த்தேன். பன்னிரண்டு மணிக்குப் பூனை மாதிரி திரும்பி வந்தான். அமுக்கிப் பிடிச்சு ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டியாச்சு. எங்கே போனேன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான். கனைக்கிறான்."

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஊரே 'சரித்திரம்' என்று அழைக்கும் அந்த மனிதர் இறங்கி வந்தார். தோளில் பட்டு மேலாடை, கழுத்தில் முத்து மாலை, கீழே பழைய பைஜாமா. இடுப்புக்கு மேல் நாலு நூற்றாண்டு முன்னால், இடுப்புக்குக் கீழ் போன வாரம்.

ஒட்டடை பாய்ந்து போய் அவர் வலது கையைப் பிடித்துக் குலுக்கினான். அதற்குக் காரணம் உண்டு. சரித்திரம் ஊதா மையைத் தொட்டுத் தொட்டுத்தான் எழுதுவார். மை விரலெல்லாம் ஏறி மூன்று நாளைக்குப் போகாது. அவருக்குக் கை வேறு எந்நேரமும் வியர்க்கும். கூட்டங்களில் அவர் கையைக் குலுக்கிய ரசிகைகள் ஊதா உள்ளங்கையோடு வீட்டுக்குப் போய் அன்று முழுக்கக் கை கழுவ மாட்டார்கள். ஒட்டடையின் அம்மா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்: "சோப்புப் போட்டாலும் போகாதாம்டா. குலுக்கினா மட்டும் அடுத்தவங்க கைக்கு வந்துடுமாம். கழுவாம அப்படியே கொண்டு வா."

அவன் உள்ளங்கையைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"துப்பறிகிறவர்கள் எல்லாம் எதற்கு?" என்றார் சரித்திரம். கூட்டத்தில் பேசும் குரல். பிறகு, எதிரே இருப்பது மூன்று பேர்தான் என்பது உறைத்து, சாதாரணக் குரலுக்கு வந்தார். "இந்த ஆளோட முதலாளி உங்களை அனுப்பிட்டார். எனக்குத் தேவையே இல்லை. திருடன் யாருன்னு தெரியும். அஞ்சு மணிக்குள்ள அத்தியாயம் வரலைன்னா போலீஸ்ல ஒப்படைப்பேன். சொந்தக்காரனாச்சேன்னு பார்க்க மாட்டேன். என் நாவல்ல அரசன் பெத்த மகனையே சிறையில போட்டான். அத்தியாயம் பதினேழு."

"எங்க அம்மா அன்னைக்கு சாப்பிடலை சார்," என்றான் ஒட்டடை.

"என் தம்பி எடுத்திருக்க மாட்டான்," என்று ஒரு குரல் கேட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். ஈரத்துணி நிறைந்த வாளியோடு சரித்திரத்தின் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"இந்தா, உன்னை யாரும் கேட்கலை. இவங்களுக்குக் காபி போடு," என்றார் சரித்திரம். அவள் போட்டாள்.

*

ஸ்டோர் ரூம் கதவுக்குக் கீழே ஒரு விரல் அகல இடைவெளி இருந்தது. மேடம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒட்டடை தரையில் படுத்து இடைவெளியில் கண்ணை வைத்தான்.

"மேடம், ரெண்டு கால்தான் தெரியுது. குதிரை இல்லை."

"தம்பி," என்றார் மேடம் கதவைப் பார்த்து, "எதுக்குக் கனைக்கிறே?"

"வேற எது சொன்னாலும் அத்தான் காதுல விழாதுங்க. கனைப்புதான் அவருக்குப் பழக்கம்." முப்பது வயசுக் குரல். தொண்டை கட்டியிருந்தது. "ஏழு வருஷமா இந்த வீட்டுல நான்தான் குதிரை."

"அப்படின்னா?"

"அத்தானுக்கு நடிச்சுப் பார்க்காம எழுத வராது. ராஜா பேசினா அட்டைக் கிரீடம் வெச்சுக்குவார். இளவரசி பேசினா தலையில துண்டு போட்டுக்குவார். வாளுக்குப் பழைய திரைச்சீலைக் கம்பி. தளபதி குதிரையில வந்தா நான் மண்டி போடணும். என் மேல ஏறி உட்கார்ந்துதான் வீடே கேட்கிற மாதிரி வசனம் சொல்லுவார். இந்த நாவல்ல தளபதி முப்பத்தாறு தடவை குதிரையில வந்திருக்கான். என் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எந்த மூட்டை தூக்குறேன்னு கேட்டார். சரித்திரம்னு சொன்னேன்."

ஒட்டடை எழுந்து உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான். இவ்வளவு கேவலமாக ஒரு வேலை உலகத்தில் தனக்கு மட்டும்தான் என்று அவன் இதுவரை நினைத்திருந்தான்.

"கடைசி அத்தியாயத்துல குதிரை உண்டா?" என்று கேட்டார் மேடம்.

"கட்டாயம் உண்டு. போன வாரமே சொன்னார். தளபதி வெள்ளைக் குதிரையில மண்டபத்துக்குள்ள வரான். எனக்கு வெள்ளைப் போர்வை எல்லாம் எடுத்து வெச்சுட்டார். ஆனா இன்னைக்கு என்னைக் கூப்பிடவே இல்லை. ஒன்பது மணி வரைக்கும் முழங்காலுக்குத் துணி சுத்திக்கிட்டுக் காத்திருந்தேன். அதான் நைசா நழுவிட்டேன்."

"எங்கே?"

கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கவர் சரசரத்தது.

"தம்பி, மணி மூணரை. அஞ்சுக்கு உன் அத்தான் போலீசுக்குப் போன் பண்ணப் போறார்."

கதவுக்குக் கீழே ஒரு காகிதம் மெல்ல நீண்டு வந்தது. ஒட்டடை எடுத்துப் படித்தான். ஒரு கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. நாளைக் காலை எட்டு மணிக்கு வந்து சேர வேண்டும். காவல் நிலையத்தில் தன் மேல் எந்தப் புகாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"கவர்ல இருந்தது என் சர்ட்டிபிகேட்டுங்க," என்றது குரல். "வெளியே சொல்லிடாதீங்க. போன தடவை ஒரு வேலை கிடைச்சப்போ அத்தான் அந்தக் கம்பெனிக்கே போன் போட்டு, 'அவன் வர மாட்டான், இங்கே தேவைப்படுறான்'னு சொல்லிட்டார். இந்தத் தடவை அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். வேலையில சேர்ந்தப்புறம் சொல்லிக்கலாம்னு அக்காதான் சொன்னா."

மேடம் கடிதத்தை மடித்துக் கதவுக்கு அடியிலேயே திருப்பித் தள்ளினார். "பத்திரமா வெச்சுக்கோ. கனைக்கிறதை மட்டும் நிறுத்து. தொண்டையோட போனாத்தான் சூப்பர்வைசரா இருக்க முடியும்."

"மேடம்," என்று ஒட்டடை காதோடு சொன்னான், "இதைக் காட்டினா போதாதா?"

"போதாது. கிடங்குக்குப் போற வழியில அத்தியாயத்தை வித்துட்டான்னு சொல்லுவார். கற்பனை அவருக்குத் தொழில்."

*

எழுதும் அறை மாடியில் இருந்தது. இந்த அறையைப் பற்றிப் பத்திரிகையில் நாலு பக்கக் கட்டுரை வந்திருந்தது. எழுத்தாளர் அதிகாலை நான்கு மணிக்கு எழுவார், குளிர்ந்த நீரில் குளிப்பார், கண்ணை மூடி அந்தக் காலத்துக்கே போய்விடுவார் என்றெல்லாம் அதில் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த அலாரக் கடிகாரத்தை ஒட்டடை எடுத்துப் பார்த்தான். எட்டே காலுக்கு வைக்கப்பட்டிருந்தது.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தலைப்பு: 'நிலா – உபயோகித்தவை.' வெள்ளித் தட்டு, பால் கிண்ணம், நாணும் மணமகள், தேய்ந்த நகம், வானத்துப் பொட்டு என்று நாற்பது நிலாக்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். கடைசியில் டிக் விழாமல் ஒரே ஒரு நிலா மிச்சம்: 'கடித்து வைத்த பிஸ்கட்.'

"மேடம், இன்னைக்குக் கல்யாணம் நடந்திருந்தா இந்த பிஸ்கட் வெளிச்சத்துலதான் நடந்திருக்கும்."

மேடம் அதைக் கேட்கவில்லை. அறைக்குக் குறுக்கே, மேசைக்கு நேர் மேலே கட்டியிருந்த துணிக்கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொடியில் துணி இல்லை. வரிசையாக அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், வயசு, கண் நிறம், மச்சம் எங்கே என்ற குறிப்பு. ஒவ்வொன்றையும் கிளிப் போட்டு மாட்டியிருந்தது. மேடத்தின் உதடு எண்ணியது. பதினாலு.

"என் பாத்திரங்கள்!" சரித்திரம் அறைக்குள் வந்தார். அந்தக் கூட்டக் குரல் திரும்பியிருந்தது. "எழுதும்போது தலையை நிமிர்த்தினா எல்லாரும் எதிரே இருக்கணும். உயிரோட இருக்கிறவங்க கொடியில. யாராவது செத்தா இறக்கி, மூலையில ஓட்டை போட்டு, பின்பக்கம் எப்போ எப்படிச் செத்தாங்கன்னு எழுதி, நூல்ல கோத்து இந்த டப்பாவுக்குள்ள போட்டுடுவேன்." மேசை மேலிருந்த பிஸ்கட் டப்பாவைத் தட்டினார். "இந்த நாவல்ல இதுவரைக்கும் எழுபத்தொரு பேர்."

"பிஸ்கட்டெல்லாம் நிலாவாயிடுச்சு, டப்பா சுடுகாடாயிடுச்சு," என்று ஒட்டடை முணுமுணுத்தான்.

"எழுதினதைத் திரும்பப் படிப்பீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"ஒருபோதும் இல்லை. அச்சானப்புறம் பத்திரிகையைத் தொடக்கூட மாட்டேன். பின்னாடி பார்த்தா வேகம் போயிடும்."

"அப்போ பிழை திருத்துறது?"

"என் கையெழுத்து எனக்கே புரியாது. அதனால வீட்டுல ஃபேர் காப்பி எடுத்துக் கொடுத்துடுவாங்க. அதுதான் பத்திரிகைக்குப் போகும்." வீட்டில் என்று அவர் சொன்னது மனைவியை. அந்த மனைவி இப்போது வாளியோடு மாடி ஏறி வந்து, மொட்டைமாடிக் கதவருகே மூச்சு வாங்க நின்றிருந்தாள். வாளி விளிம்பில் நீல நிற பிளாஸ்டிக் கிளிப்புகள் வரிசையாகக் கவ்விக்கொண்டிருந்தன.

மேடம் கொடிக்கு அருகே ஓர் அடி வைத்தார். சரித்திரம் சட்டென்று குறுக்கே வந்து நின்றார். "அட்டையைத் தொடாதீங்க. ராசி போயிடும்."

"தொடலை," என்ற மேடம் மனைவி பக்கம் திரும்பினார். ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, "உட்காருங்கம்மா," என்றார்.

அந்த அம்மாள் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"துவைக்கிறது நீங்கதானே? சார் எழுதும்போது அழுவாராமே."

"அழுவாருங்க. போர்னா கைக்குட்டை நனையாது, வெறும் வியர்வைதான். காதலர் பிரிஞ்சா மூணு கைக்குட்டை. கல்யாணம்னா அஞ்சு. துணிக்கூடையைப் பார்த்தாலே அந்த வாரத்துக் கதை எனக்குத் தெரிஞ்சுடும்."

"இன்னைக்கு எத்தனை?"

அவள் வாளியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு ஒண்ணும் போடலைங்க."

"இந்தா, உனக்கு வேலை இல்லையா?" என்றார் சரித்திரம்.

*

நாலே காலுக்கு மேடம் எல்லாரையும் அதே அறைக்குக் கூப்பிட்டார். கத்தரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். மனைவி, கையிலிருந்த வாளியோடு சுவரோரம் நின்றாள்.

"ஒட்டடை, உன் வலது கையைக் காட்டு."

காட்டினான். "சுத்தமா இருக்கு மேடம். எங்க அம்மாவுக்குத்தான் ஏமாற்றம்."

"ஏன் சுத்தமா இருக்கு? மூணு நாளைக்குப் போகாத மை. இன்னைக்குக் காலையில ஒரு முழு அத்தியாயம் எழுதின கை. உன் உள்ளங்கை ஊதா ஆகியிருக்க வேண்டாமா? சார் விரலைப் பாருங்க, பிறந்த குழந்தை விரல் மாதிரி இருக்கு. கைக்குட்டை ஒண்ணுகூட நனையலை. தளபதி வெள்ளைக் குதிரையில வரணும், குதிரை முழங்காலுக்குத் துணி சுத்திக்கிட்டுக் கீழே காத்திருக்கு, கூப்பிட ஆள் இல்லை. இன்ஷூரன்ஸ்ல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். இல்லாத சரக்குதான் ரொம்பச் சுலபமா திருடு போகும்." மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நூறாவது அத்தியாயத்தை யாரும் திருடலை. அதை யாரும் எழுதவே இல்லை."

கத்தரியின் வாய் பிளந்தது. சரித்திரம் அட்டைக் கிரீடத்தின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். நொறுங்கிய சத்தத்துக்குக்கூட எழவில்லை.

"எப்படி எழுதுறது?" குரல் மிகச் சின்னதாக வந்தது. "காலையில தளபதியோட கண் கறுப்பா பழுப்பான்னு பார்க்க அட்டையை இறக்கினேன். பின்பக்கம் திருப்பினேன்." எழுந்து போய் ஓர் அட்டையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். அவருடைய கிறுக்கல், ஊதா மையில்: 'அத். 61. பள்ளத்தாக்கு. ஈட்டி. மார்பில்.'

"அய்யோ!" என்றான் ஒட்டடை. அம்மாவின் சார்பாக.

"அவன் செத்து முப்பத்தொன்பது வாரம் ஆச்சு! எப்படியோ மறுபடியும் கொடியில மாட்டியிருக்கேன். கொடியில இருந்தா நான் எழுதிட்டே போவேன். ஒரு பிணத்தை வெச்சு முப்பத்தொன்பது வாரம் காதல் வசனம் பேச வெச்சிருக்கேன். இதுல கல்யாணம் வேற! நாளைக்கு எவனாவது ஒருத்தன் கண்டுபிடிச்சு எழுதினா ஊரே சிரிக்கும்."

"அறுபத்தொண்ணுலயா செத்தான்? நான் கவனிக்கலையே," என்றார் கத்தரி.

"நீங்க படிக்கிறதில்லையா சார்?" என்றான் ஒட்டடை.

"படிச்சா எப்படித் தம்பி வெட்டுறது? பாசம் வந்துடும்."

"சரி, எழுதலை," என்று மேடம் நிதானமாகக் கேட்டார். "அதுக்கு உங்க மச்சானை எதுக்குப் பூட்டி வெச்சீங்க?"

"நான் தொலைஞ்சு போச்சுன்னுதான் சொன்னேன். இவர்தான் ஓடினான் பிடிச்சேன்னு சொன்னார். அப்படியே விட்டுட்டேன்." கீழே ஸ்டோர் ரூமில் சத்தமே இல்லை. சரித்திரம் படிப்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு அவர் முகம் இறுகியது. நாவல்களில் வீரர்கள் எடுக்கும் முடிவை அவர் இப்போது எடுப்பது போலத் தெரிந்தது. ஆனால் கை போனது போன் பக்கம். "அப்படியே இருக்கட்டும். திருடு போனதாவே இருக்கட்டும். அவன் எரிச்சுட்டான்னு சொல்லிடலாம். ரெண்டு நாள் உள்ளே இருந்தா ஒண்ணும் ஆகிடாது, நானே வெளியே எடுத்துடறேன். அவனுக்கு என்ன, மானமா மரியாதையா? எனக்குப் பேர் இருக்கு."

எண்பது வாள் சண்டைகளில் புறமுதுகு காட்டாத தளபதிகளைப் படைத்த விரல் எண்களை அழுத்த ஆரம்பித்தது. ஒட்டடை மேடத்தைப் பார்த்தான். மேடம் அசையவில்லை. அவர் பார்வை வேறு யார் மேலோ இருந்தது.

வாளி தரையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

"போனை வையுங்க," என்றாள் மனைவி.

அந்த வீட்டில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை போல. அவர் விரல் பாதி எண்ணில் நின்றது. அவள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய பத்திரிகைகளைப் பிரித்துத் தைத்த ஒரு தொகுப்பை எடுத்தாள். தொண்ணூற்றொன்பது வாரத்தையும் ஒரு வாரம்கூட விடாமல் நறுக்கிச் சேர்த்திருந்தாள். பக்கத்தைத் தேடவில்லை. கை தானாகத் திறந்தது.

"அறுபத்தொண்ணு. கடைசி வரியைப் படிங்க."

சரித்திரம் தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் எழுதியதை அச்சில் படித்தார். "'தளபதி பள்ளத்தாக்கைக் கடந்து மேடேறினான். தொலைவில் இளவரசியின் விளக்கு தெரிந்தது.'" பக்கத்தைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். "ஈட்டி எங்கே? இதுக்கு அப்புறம் நாலு வரி இருந்துது. ஈட்டி வந்து பாயும், அவன் விளக்கைப் பார்த்துக்கிட்டே விழுவான். நான் எழுதினேன்! நாலு கைக்குட்டை ஆச்சு!" கத்தரி பக்கம் பாய்ந்தார். "நீ வெட்டினியா?"

"என் மேல பழி போடாதீங்க சார். வெட்டினதை நான் என்னைக்கும் மறைச்சதில்லை. அந்த வாரம் நல்லா ஞாபகம் இருக்கு. அத்தியாயம் வரும்போதே நாலு வரி குறைச்சல். கச்சிதமா ஒரு தைல விளம்பரம் உட்கார்ந்துது. முதலாளி என்னைத் தட்டிக் கொடுத்தார்."

"அப்போ ஊர்ல யாருக்கும் அவன் சாகவே இல்லை," என்று கூவினான் ஒட்டடை. "சார், கல்யாணத்தை நடத்துங்க! பிஸ்கட் நிலா காத்துக்கிட்டிருக்கு!"

"முதல்ல அந்தக் கதவு," என்றார் மேடம். "சாவி."

சரித்திரம் பைஜாமாப் பையிலிருந்து சாவியை எடுத்தார். ஒட்டடை மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கினான். திரும்பி வந்தபோது அவனுக்குப் பின்னால் தோள் அகன்ற ஓர் ஆள் முழங்காலைத் தேய்த்தபடி வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் நின்றான். பிளாஸ்டிக் கவர் அவன் சட்டைக்குள் இருந்தது.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு இவருக்கு ஒரு வேலை இருக்கு," என்றார் மேடம். "நீங்க எங்கேயும் போன் போட மாட்டீங்க. போட்டா இன்னைக்கு நடந்ததை நான் ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதுவேன். ஒரு வரிகூட வெட்டாம."

"நான் வெட்ட மாட்டேன்," என்று கத்தரி ஆசையோடு சொன்னார்.

சரித்திரம் தலையாட்டினார். ஆனால் அவர் மனசு அங்கே இல்லை. அந்தத் தொகுப்பையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு வரி தானா காணாம போகாது. ஓட்டை போட்ட அட்டை தானா டப்பாவுலேர்ந்து எழுந்து வந்து கொடியில ஏறாது. யார் வேலை இது?"

மேடம் எழுந்து கொடியருகே போனார். இந்தமுறை யாரும் குறுக்கே வரவில்லை. "பதினாலு அட்டை. பதிமூணுக்கு மரக் கிளிப். இது ஒண்ணுக்கு மட்டும் நீல பிளாஸ்டிக். முப்பத்தொன்பது வாரமா உங்க மூக்குக்கு நேரே தொங்குது. இந்த வீட்டுத் துணி கிளிப் என்ன நிறம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

நீல கிளிப்பைக் கழற்றினார். போய் அந்த அம்மாளின் வாளி விளிம்பில், மற்ற நீல கிளிப்புகளுக்குப் பக்கத்தில் மாட்டினார். வரிசையில் இருந்த ஒரு காலி இடத்தில் அது சரியாக உட்கார்ந்தது.

கத்தரிகூடக் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார்.

"இந்தா..." என்றார் சரித்திரம். கோபமா குழப்பமா என்று அவருக்கே தெரியவில்லை. "நீயா? என் நாலு வரியை அடிச்சது நீயா? எழுபத்தொரு பேரைக் கொன்னேன், ஒருத்தனுக்காகக்கூட நீ வாயைத் திறந்ததில்லை. இந்தத் தளபதி உனக்கு யாரு?"

அவள் அட்டையைக் கையில் எடுத்தாள். மூலையில் இருந்த ஓட்டையை விரலால் ஒருமுறை தடவினாள். அப்புறம் கணவரை நேராகப் பார்த்தாள்.

"'களைத்திருக்கிறாய், சற்று உட்கார்'னு பதினெட்டு வருஷத்துல இந்த வீட்டுல சொன்னவர் இவர் ஒருத்தர்தாங்க, இவரையும் எப்படி நான் சாக விடுவேன்?"